பழைய காரில் எலி நாற்றம்: போக்கும் வழி அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1998ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 கார், சென்ற மழைக்காலத்தில் மூன்று மாதங்கள் ஓட்டப்படாமல் கொட்டகையில் நின்றிருந்தபோது, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள புளோயர் பெட்டிக்குள் எலிகள் கூடு கட்டிவிட்டன. எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீர் மூலம் பரவக்கூடியது என்பதால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, புழுக்கைகளை உலர்ந்த நிலையில் பெருக்காமல், 10 பங்கு நீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து நனைத்த பிறகே கூட்டை அகற்றினோம். இருக்கைகளைக் கழற்றித் தரைவிரிப்பையும் கழுவி வெயிலில் காயவைத்தோம். சமையல் சோடா, அடுப்புக்கரி ஆகியவற்றையும் வைத்துப் பார்த்தோம்.

ஆயினும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் அதே நெடி மீண்டும் வருகிறது. வாசனைத் திரவியம் அதனுடன் கலந்து குமட்டலையே கூட்டுகிறது. சிறுநீர் ஏசியின் குளிர்ச்சுருளிலோ தரைவிரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சுப் படலத்திலோ ஊறியிருக்கலாம் என்று கருதுகிறேன்.

குளிர்ச்சுருளைக் கழற்றிக் கழுவினால் பலன் கிடைக்குமா, பஞ்சுப் படலத்தை முழுவதும் மாற்றத்தான் வேண்டுமா, நொதி கலந்த துப்புரவுத் திரவம் இதற்கு உதவுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். எலிகள் மீண்டும் நுழையாதபடி, காற்று உள்ளே வரும் வழியில் கம்பி வலை பொருத்தியவர்கள் இருந்தால் அதையும் விளக்குங்கள். இந்தக் காரை விற்க எங்களுக்கு மனமில்லை. அப்பா இதில்தான் மீண்டும் பயணிக்க விரும்புகிறார்.