கனத்த தகடும் வெல்டிங் சூடும்: எங்கள் சைட் அனுபவம்

ஹட்டனிலிருந்து:

நுவரெலியாவில் ஒரு கட்டட வேலை. தூணுக்கு 40 மில்லிமீட்டர் கனமான இரும்புத் தகடு. வேலை தொடங்க முதல் மாதிரித் துண்டு ஒட்டி டெஸ்ட் பண்ணியே ஆகணும் என்று பிடிவாதமாக நின்றேன்.

காலை ஏழு மணி, பனிமூட்டம் கலையவில்லை. கேஸ் டோர்ச்சைக் காட்டியதும் குளிர்ந்த தகடு வியர்த்துவிட்டது. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. 110 டிகிரி சூட்டில் உருகும் சோக்கைத் தகட்டில் தேய்த்து, அது உருகின பிறகுதான் வெல்டிங்.

"இந்தக் குளிருக்கு நல்லா சூடேத்தி அகலமா இழுக்கணும் தம்பி" என்றார் வெல்டிங் செய்யும் பாஸ். முதல் துண்டை அவர் விருப்பப்படியே விட்டேன். 28 வோல்ட், 300 அம்பியர், நிமிடத்துக்கு 12 சென்டிமீட்டர். வோல்ட்டையும் அம்பியரையும் 60ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால், சென்டிமீட்டருக்கு 42 கிலோஜூல் சூடு. இரண்டாவது துண்டில் அதே செட்டிங், வேகம் மட்டும் 28 சென்டிமீட்டர். சூடு 18 கிலோஜூலுக்கு இறங்கியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் தகடு 250 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருந்தோம்.

பார்க்க முதல் துண்டுதான் அழகு. வளைத்துப் பார்த்ததில் இரண்டும் தேறின. ஆனால் வெட்டுப் போட்ட 10 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளைப் பூச்சியம் டிகிரிக்குக் குளிர வைத்து, சார்பி மெஷினில் (சுத்தியல் வீசி, உடைக்க எவ்வளவு சக்தி போகிறது என்று அளக்கும் மெஷின்) அடித்தபோது, முதலாவது தேவையான 27 ஜூல் அளவைத் தொடவில்லை. உடைந்த முகம் சீனி கொட்டினது போல மினுங்கியது. இரண்டாவதின் முகம் மங்கல் சாம்பல், நார் நாராக, ஓரம் பிதுங்கி இருந்தது. சூடு கூடினால் இரும்பு மெதுவாக ஆறும், அதற்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பருத்துவிடும், அடி தாங்காது. 1994 நோர்த்ரிஜ், 1995 கோபே நிலநடுக்கங்களில் தூணும் உத்திரமும் சேரும் இடம் படக்கென்று வெடித்ததற்கு, அடி தாங்காத வெல்டிங்கும் ஒரு காரணம்.

பாஸ் இரண்டு துண்டையும் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் அவரே கேட்டார்: "தம்பி, ஸ்டொப்வோட்ச் எங்க?"

பண்டாரவளையிலிருந்து:

எனக்கு நேர்மாறு அண்ணே. தேயிலை ஸ்டோர் ஒன்றில் 50 மில்லிமீட்டர் அடித்தகட்டைச் சூடு காட்டாமலே ஒட்டினோம். ஈரம் படக்கூடாத 7018 வெல்டிங் குச்சிப் பெட்டி ராத்திரி முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வெல்டிங் ஓரத்தில் விரல் நீளத்துக்கு மயிரிழைக் கீறல். ஈரத்திலிருந்து ஏறின ஹைட்ரஜன் அப்படித்தான், ஆறின பிறகு வேலையைக் காட்டும். முழுசாகச் சுரண்டி எடுத்துத் திரும்ப ஒட்டினோம். இப்போது கனத்த தகடென்றால் 48 மணித்தியாலம் கழித்துத்தான் பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன்.