குயிலியூட் மொழியில் மெல்லினம் இல்லாமற்போனது எப்படி?

கேள்வி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கரையிலுள்ள லா புஷ் என்னும் ஊரில் வாழும் குயிலியூட் பழங்குடியினரின் மொழியில் மகரம், னகரம் போன்ற மெல்லின ஒலிகளே இல்லை என்று படித்தேன். சுற்றியுள்ள மொழிகளோடு அதற்கு உறவில்லை என்பதுதான் காரணமா? இன்று அதைப் பேசுவோர் இருக்கிறார்களா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உறவின்மை காரணமன்று, அண்டை மொழிகளோடு நெடுங்காலம் பழகியதே காரணம் என்று கொள்ள நல்ல சான்று உண்டு. குயிலியூட்டின் ஒரே உடன்பிறப்பான சிமாகம், லா புஷ் அமைந்துள்ள ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடகிழக்கில் போர்ட் டவுன்சென்ட் பகுதியில் பேசப்பட்டு மறைந்த மொழி. அதில் மெல்லினம் இருந்தது. குயிலியூட்டிலோ பழைய மகரம் ‘கம்பம்’ என்பதில் வரும் பகர ஒலியாகவும், னகரம் ஏறத்தாழ ‘வண்டு’ என்பதில் வரும் டகர ஒலியாகவும் மாறிவிட்டன. வடக்கே மக்கா மொழியிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது; ஆனால் அதன் உறவுமொழியாகிய, வான்கூவர் தீவின் நூ-சா-நுல்த் மெல்லினத்தை இன்றும் வைத்திருக்கிறது. கிழக்கே லஷூட்சீட் மொழியின் அன்றாடப் பேச்சிலும் இவ்வொலிகள் இல்லை. குயிலியூட், மக்கா, லஷூட்சீட் மூன்றும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதால், மாற்றம் குடும்ப வழியாக வராமல் வட்டார வழியாகப் பரவியது என்பதே பொருத்தமான விளக்கம்.

மறுமொழி 2

இரண்டாவது கேள்விக்கு: தாய்மொழியாகப் பேசி வளர்ந்த முதியவர்கள் இன்று இல்லை. 2007இல் பழங்குடி நிர்வாகம் தொடங்கிய ஈராண்டுத் திட்டம், வணக்கச் சொற்கள், எண்கள், சிறு சொற்றொடர்கள் ஆகியவற்றை வகுப்புகள், மின்னஞ்சல், குறுந்தகடு வழியாக ஊராரிடம் கொண்டுசென்றது. இது மிக நல்ல தொடக்கம். எனினும் வாக்கியம் அமைக்கக் கற்பவருக்குச் சொற்பட்டியல் போதாது. 1928இல் மொழியியலாளர் மானுவேல் அந்திராடே பேசுவோரிடமிருந்து கேட்டு எழுதி, 1931இல் வெளியிட்ட கதைத் தொகுப்பு இருப்பதால்தான் முழுப் பேச்சின் ஓட்டத்தை இன்றும் காண முடிகிறது. என் கருத்தில், மீட்புப் பணிக்குக் கிடைத்துள்ள மிகப் பெரிய செல்வம் அதுவே.

மறுமொழி 3

மேலே உள்ள இருவருக்கும் நன்றி. மொழியின் நிலையை நிலத்தின் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1889இல் ஊரார் ஹாப்ஸ் (பீர் காய்ச்சப் பயன்படும் கொடியின் பூ) பறிக்கும் கூலிவேலைக்குச் சென்றிருந்தபோது, அந்நிலத்துக்கு உரிமை கோரிய குடியேறி ஒருவர் 26 வீடுகளைக் கொளுத்தினார்; தலைமுறைகளாகக் காத்துவந்த முகமூடிகளும் கூடைகளும் வேட்டைக் கருவிகளும் வீடுகளோடு எரிந்துபோயின. அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஆற்றுமுகத்தில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் மட்டுமே. அதுவும் சுனாமி அபாயத்துக்கு உட்பட்ட தாழ்நிலம். 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கரை அவர்களிடம் சேர்த்தது. குயிலியூட் பிள்ளைகள் படிக்கும் பழங்குடிப் பள்ளி 2022இல் மேட்டுநிலத்தில் எழுப்பிய புதிய கட்டடத்துக்கு மாறியது.