டிரையர் பாதியில் ஆறிவிடுகிறது, தெர்மோஸ்டாட்டை டைரக்ட் பண்ணலாமா?

வண்ணை வாசகி: என்னுடையது 1200 வாட்ஸ் ஹேர் டிரையர். மூன்று நிமிடம் நன்றாகச் சூடு வருகிறது, அப்புறம் வெறும் காற்றுதான். ஆறவிட்டால் மறுபடி சூடு வருகிறது. பக்கத்துத் தெரு ரிப்பேர் கடையில், "சூடு ஏறினா கரண்டைக் கட் பண்ற தெர்மோஸ்டாட்டைத் தூக்கிட்டு, கம்பிக்கு நேரா டைரக்ட் கொடுத்துடறேன், ஐம்பது ரூபா" என்கிறார். கொடுக்கலாமா?

ராயபுரம் வயர்மேன்: தாராளமாகக் கொடுங்க அக்கா. எங்க வீட்டில் டைரக்ட் பண்ணி இரண்டு வருஷம் ஓடுது. உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி, நிக்கலும் குரோமியமும் கலந்தது. சுமார் 1400 டிகிரியில்தான் உருகும். நம்ம பக்கம் உப்புக் காற்று, தெர்மோஸ்டாட்டில் கரண்ட் தொடுகிற அந்தச் சின்ன பாயின்ட் துருப்பிடிச்சு சும்மா சும்மா கட் ஆகும்.

கொருக்குப்பேட்டை: வேண்டவே வேண்டாம் அம்மா. கம்பி தாங்கும், அதைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் தாங்குமா? மைக்கா தகட்டில் சுற்றிய அந்தக் கம்பியை ஆற வைப்பதே விசிறிக் காற்றுதான். அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு வெளியே போகிறது, நமக்குத் தலை காய்கிறது. காற்று குறைந்தால் சூடு உள்ளேயே தங்கி, கம்பி செக்கச் சிவந்துவிடும். அப்போது கட் பண்ணத்தான் தெர்மோஸ்டாட். இரண்டு உலோகத்தை ஒட்டிய சின்னப் பட்டை அது. சூட்டில் ஒன்று அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும். பட்டை வளைந்து தொடுப்பு விட்டுப்போகும், ஆறினால் பழையபடி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்கிற அறிகுறி அப்படியே இதுதான். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்று உள்ளே போகிற பின்பக்கச் சல்லடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ராயபுரம் வயர்மேன்: சல்லடைதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க அண்ணே? வோல்டேஜ் ஏறினாலும் கட் ஆகுமே.

கொருக்குப்பேட்டை: ஆகும் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. 230 வோல்ட் 240 ஆனால் சூடு கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். அதற்கும் காவல் அந்தப் பட்டைதானே? பல டிரையர்களில் மோட்டார் குறைந்த வோல்டேஜில் ஓடுகிற டிசி மோட்டார். தலைமுடி சுற்றி அது நின்றுபோனாலும் சூடாகும் கம்பிக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். வீட்டில் பிள்ளை கையில் எடுக்கிற சாமான் இது. துருப்பிடித்தது என்றால் அதே டிகிரியில் வேறு தெர்மோஸ்டாட் வாங்கிப் போடச் சொல்லுங்கள், தெர்மோஸ்டாட்டே இல்லாமல் விடாதீர்கள்.

வண்ணை வாசகி: சல்லடையைத் திருகிக் கழற்றினேன். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் முடியும் சேர்ந்து, கம்பளித் துணி மாதிரி ஒரு சாம்பல் படலம். விரல் நகத்தால் கிள்ளினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. பழைய டூத் பிரஷால் தேய்த்து, காயவைத்து மாட்டினேன். இப்போது பத்து நிமிடம் விடாமல் சூடு வருகிறது. காற்றின் சத்தமே மாறிவிட்டது.

ராயபுரம் வயர்மேன்: அப்போ உங்களுக்குச் சல்லடைதான் அக்கா. ஆனா பாயின்ட் துருப்பிடிக்கிறது நிஜம், நானே எத்தனையோ கழற்றிப் பார்த்திருக்கேன்.

கொருக்குப்பேட்டை: நிஜம்தான் தம்பி. உங்கள் வீட்டு டிரையரை இன்றைக்கே கழற்றி ஒரு தெர்மோஸ்டாட் போட்டுவிடுங்கள். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

ராயபுரம் வயர்மேன்: சாயங்காலம் கழற்றிப் பார்க்கிறேன் அண்ணே. எத்தனை டிகிரின்னு அதிலேயே போட்டிருக்குமா?

கொருக்குப்பேட்டை: பழைய பட்டை கையில் இருந்தால் அதன் மேலேயே பாருங்கள். இல்லையென்றால் அதே மாடல் டிரையருக்கு என்ன போடுகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.