காதோரத் துளையில் இரண்டாவது முறையாகச் சீழ்: எடுப்பதா, விடுவதா?

நிலாமுற்றம்: மகளுக்கு ஆறு வயது. வலது காதுக்கு முன்னால் ஊசிமுனை அளவு துளை, பிறவியிலேயே. நான்கு மாதத்தில் இரண்டு தடவை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. இப்போது மாத்திரையில் வற்றி வருகிறது. நன்றாக ஆறியதும் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். மயக்க மருந்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

கல்தூண்: வேண்டாங்க. எனக்கு இரண்டு காதிலும் இருக்கிறது, அப்பாவுக்கும் உண்டு. நாற்பது வயதுவரை ஒன்றும் ஆகவில்லை. கருவில் ஆறாவது வாரத்தில் காது மடலாகச் சேரவேண்டிய சிறு மேடுகள் சரியாக ஒட்டாமல் போனதால் வருவது. நோயே இல்லை, இதற்கு எதற்குக் கத்தி?

வெட்டுக்கிளி: உங்கள் துளையை யார் வெட்டச் சொன்னது? தொந்தரவு தராததைத் தொடவே கூடாது, சரி. இந்தக் குழந்தைக்கு இரண்டு முறை சீழ் பிடித்தாயிற்று. வெளியே தெரிவதுதான் சின்னத் துளை. உள்ளே தோல் படர்ந்த குழாய் கிளைவிட்டு ஓடும். உதிரும் தோல் அதில் தேங்கி, கிருமி புகுந்தால் சீழ்தான். மாத்திரை கிருமியைக் கொல்லும், குழாய் அங்கேயே இருக்குமே.

கல்தூண்: எடுத்தாலும் திரும்ப வருகிறதே? என் நண்பனுக்கு வந்தது.

வெட்டுக்கிளி: வரும், ஒரு துணுக்கு உள்ளே மிஞ்சினால். எனக்கே வந்தது. முதல் தடவை துளையைச் சுற்றி மட்டும் அறுத்தார்கள், எட்டே மாதத்தில் மறுபடி வீக்கம். இரண்டாவது தடவை காதுக்கு மேல்வரை கீறி, குழாயோடு அது ஒட்டியிருந்த குருத்தெலும்புத் துணுக்கையும் சேர்த்து எடுத்தார்கள். அப்புறம் வரவில்லை. ஒவ்வொரு தடவை சீழ் பிடிக்கும்போதும் உள்ளே தழும்பு கூடி, எது குழாய், எது தசை என்று பிரிப்பதே கடினமாகிவிடும். தள்ளிப்போடுவதில் இந்த ஆபத்தும் இருக்கிறது.

கல்தூண்: சரி, அந்தத் தழும்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் சீழ் இருக்கும்போதே அறுக்க விடாதீர்கள். கட்டி பெரிதானால் ஊசியால் உறிஞ்ச முடியுமா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் யாரும் பிதுக்கவும் வேண்டாம்.

நிலாமுற்றம்: மாமியார் பிதுக்கிவிட்டார், அது தனிக்கதை! இந்தத் துளையோடு சிலருக்குச் சிறுநீரகக் குறையும் சேர்ந்து வரும் என்கிறார்களே, சிறுநீரக ஸ்கேன் தேவையா?

வெட்டுக்கிளி: எல்லாருக்கும் தேவையில்லை. காது மந்தம், கழுத்தில் துளை அல்லது கட்டி, குடும்பத்தில் செவிட்டுத்தன்மை இருந்தால் எடுக்கச் சொல்வார்கள்.

நிலாமுற்றம்: என் நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு காது கேட்காது. இதை மருத்துவரிடம் சொல்லவே இல்லையே!