கொல்லை மரத்தின் பெயரும் நாற்றுப்பண்ணைப் பெயரும் ஒத்துவரவில்லை, எப்படிப் பார்த்து வாங்குவது?

புதுஆற்றங்கரை:
வணக்கம். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயலில் கொல்லையில் நின்ற ஆறு மாமரமும் இரண்டு பலாவும் போய்விட்டன. மறுவருஷம் ஒரு நாற்றுப்பண்ணையில் பாதிரி என்று சொல்லி நாலு ஒட்டுக்கன்று வாங்கி வைத்தேன். கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றி வளர்த்து, அப்புறம் ஒரு சித்திரையில் முதல் காய்ப்பு வந்தது, பார்த்தால் நுனி வளைந்த கிளிமூக்கு. நாலும் அதுவே. பணத்தைவிட அத்தனை வருஷம் போனதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இன்னும் ஒரு மா அளவு நிலம் காலியாகக் கிடக்கிறது. மா, பலா, கொஞ்சம் வாழை, ஒரு சப்போட்டா, சீத்தா வைக்க எண்ணம். பெயரை நம்பி வாங்கத்தான் பயம். எங்கள் அப்பாயி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கிணற்றடியில் நின்றது சீனிக்குட்டி, வேலியோரம் புளிச்சான், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நார்ப்பட்டை. கடையில் கேட்டால் இதெல்லாம் ரகமே இல்லை என்கிறார்கள். நிஜமா? சீனிக்குட்டி திரும்பக் கிடைக்க வழி ஏதும் உண்டா? இன்னொன்று, நாகர்கோவிலில் இருக்கும் மச்சான் நம் பூவன் வாழைக்கு வேறு பெயர் சொல்கிறார். அதையும் யாராவது தெளிவுபடுத்துங்கள்.

துலாக்கட்டம்:
தம்பி, உங்கள் அப்பாயி சொன்னதுதான் சரி. நம் ஊர் மாங்கொட்டையில் முளைக்கிற கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்காது, பூவில் எந்த மரத்து மகரந்தம் சேர்ந்ததோ அந்தக் கலப்பு அதில் இருக்கும். அதனால் கொட்டை போட்டு வந்த மரம் ஒவ்வொன்றும் தனி ரகம், யாராவது ஒட்டு எடுத்தால் ஒழிய அதற்கு இரண்டாவது மரம் எங்கேயும் கிடையாது. கடையில் ரகம் என்று விற்பதும் எங்கேயோ ஒற்றை மரமாக நின்று, ருசி பிடித்துப்போய், ஒட்டுக்கட்டிப் பரப்பியதுதான்.

பெயர்க் குழப்பம் மாங்காயில் தீராது. உங்களுக்குக் கிடைத்த கிளிமூக்கையே பெங்களூரா என்பார்கள், ஆந்திராவில் கலெக்டர், சாறு பிழிகிற ஆலைகளுக்குத் தோத்தாபுரி. பங்கனப்பள்ளிக்கு ஆந்திராவில் பெனிஷான் என்று பெயர். ஸ்ரீரங்கம் பக்கம் கொண்டாடுகிற இமாம்பசந்தை ஐதராபாத்தில் ஹிமாயத் என்று கேட்க வேண்டும். எங்கள் மாயவரம் பக்கத்துப் பாதிரி மாம்பழத்துக்கும் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் பாதிரி மரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது வேறு மரம். ஆனாலும் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னக் கன்றில் இலையைப் பார்த்து ரகம் சொல்கிறேன் என்றால் நம்பாதீர்கள். பழக்காலத்தில் தோப்புக்கே போய், அந்த மரத்துப் பழத்தைத் தின்று பார்த்து, மரத்தில் ஒரு கயிறு கட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் ஒட்டுக்கட்டுபவரிடம் சொல்லி அதே மரத்தில் குச்சி எடுங்கள். மூன்று நாலு மாதம் முற்றிய கிளைநுனியில் இலையை மட்டும் கிள்ளி, காம்பை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் காம்பு தானாக உதிர்ந்து மொட்டு உப்பி நிற்கும். அந்தக் குச்சியைச் சீவி ஆப்பு மாதிரி, ஒட்டுக்கு அடியாக வளர்த்த வேர்ச்செடியின் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். இது ஒன்றுதான் ஏமாறாத வழி.

ஒன்று கேட்கிறேன். கிணற்றடி மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டீர்களா? கொட்டை மரமாக இருந்தால் அடியில் துளிர்ப்பதும் சீனிக்குட்டியேதான். ஒட்டு மரமாக இருந்தால் அடித்துளிர் பெரும்பாலும் வேர்ச்செடியினுடையது, அதை நம்ப முடியாது.

லால்குடி வாழைக்கொல்லை:
வாழைக்கு நான் சொல்கிறேன். கேரளத்தில் பூவன் என்று கேட்டால் நம் ரஸ்தாளியைத் தருவார்கள். நம் பூவன் அங்கே பாளையங்கோடன். ஞாலிப்பூவன் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அது நம் ஏலக்கி. உங்கள் மச்சான் ஊர் அந்த எல்லையில் இருக்கிறது, அங்கே பாளையங்கோட்டான் என்று காதில் விழுந்தால் பூவன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு பழம் இருப்பதால், கன்று வாங்கப் போனால் தாரைக் காட்டச் சொல்லுங்கள். பூவன் காயின் நுனியில் சின்ன மூக்கு நிற்கும், பழத்தில் லேசான புளிப்பு இருக்கும். ரஸ்தாளிக்குத் தோல் மெல்லிசு, நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து தானாகக் கழன்று விழும். கற்பூரவள்ளிக் காய்மேல் சாம்பல் பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் அழியும், சில சமயம் உள்ளே விதைகூட தட்டுப்படும்.

ரஸ்தாளி ஆசை இருந்தால் யோசித்து வையுங்கள். வாடல் நோய் அதைத்தான் முதலில் பிடிக்கும், வந்துவிட்டால் கிருமி மண்ணில் பல வருஷம் தங்கிவிடும். எனக்கு அப்படி ஒரு தாக்கே, அதாவது ஒரு வயல் துண்டே போனது, இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, மட்டை தண்டை ஒட்டி முறிந்து பாவாடை மாதிரி தொங்கியது. பூவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, இலையும் அறுத்து விற்கலாம். எது வாங்கினாலும் இலை ஈட்டி மாதிரி ஒடுங்கிய பக்கக்கன்றாகப் பாருங்கள், சிறுசிலேயே அகல இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஒருநாள் போய்வந்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

பேராவூரணித் தோப்பு:
கஜாவில் எங்களுக்கும் தென்னை, பலா எல்லாம் போனது, உங்கள் வேதனை புரிகிறது. பலாவில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, வருக்கையா கூழனா. சுளை கெட்டியாகக் கடிபட்டால் வருக்கை, குழைந்து வழிந்தால் கூழன். வேர்ப்பலா என்று தனியாக விலை சொன்னால் ஏமாறாதீர்கள், அடியில் காய்ப்பது மரத்தின் பழக்கம், சுளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மேட்டில் வையுங்கள், தண்ணீர் தேங்கினால் பலா பிழைக்காது. பள்ளமான இடம் இருந்தால் அங்கே நாவல் வைக்கலாம், தாங்கும்.

சப்போட்டா ஒட்டு பாலைச் செடியில் கட்டியதா என்று பாருங்கள், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால் பாலைதான் வளரும். சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா மூன்றும் வேறு வேறு மரம், எது வேண்டுமென்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புதுஆற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. துலாக்கட்டம் ஐயா கேட்டதும் கொல்லைக்கு ஓடினேன். மற்ற மரமெல்லாம் வேரோடு பெயர்ந்தன, கிணற்றடி மரம் மட்டும் இடுப்பளவில் முறிந்தது. தோண்டினால் கிணற்றுச் சுவர் பெயரும் என்று அடிக்கட்டையை அப்படியே விட்டிருந்தோம். கோவைக்கொடி மூடிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் விரல் பருமனில் ஐந்தாறு கிளை, ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாக நிற்கிறது, வருஷா வருஷம் தண்ணீர் இறைத்தும் நான் கவனிக்கவே இல்லை. அப்பாயி கொட்டை போட்டு முளைத்த மரம்தான் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். சுற்றி முள் போட்டு அடைத்துவிட்டேன். ஒட்டுக்கட்டுபவர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார், நேற்று சாயங்காலம் மூன்று நுனியில் இலை கிள்ளி விட்டிருக்கிறேன். கையில் அந்தப் பால் வாசனை இன்னும் போகவில்லை.