கட்டைவிரலை எடுக்கவே இல்லை: கார்டு கிரேடிங்கில் பட்டதைச் சொல்லுங்கள்

ஃப்ரிஸ்கோ அப்பா

மூணு வாரம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதித் தொலைச்சிடறேன்.

பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் வெம்பன்யாமாவோட ரூக்கி (முதல் வருஷ) கார்டு, 2023-24 ப்ரிஸம் செட், சில்வர் வகை. பையன் தன் கையால பிரிச்ச பாக்கெட்ல வந்தது. வந்த நிமிஷமே மெல்லிசு பிளாஸ்டிக் ஸ்லீவ், அதுக்கு மேல கெட்டியான டாப்லோடர் உறை, எல்லாம் முறையா பண்ணோம். கார்டோட நிலைமையைப் பார்த்து பத்துக்கு மார்க் போட்டு, ஸ்லாப்னு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில சீல் பண்ணித் தர்ற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினோம், 9 வந்தது. நல்ல மார்க்தானேன்னு சந்தோஷப்பட்டேன். நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினா தெருவுக்கே மிட்டாய் கொடுக்கற வீட்ல வளர்ந்தவன் நான், எனக்கு வேற எப்படித் தோணும்?

ஆலன்ல நடக்கற டாலஸ் கார்டு ஷோவுக்குப் போனோம். தானே பேசி விக்கணும்னு பையனுக்கு ஆசை, 12 வயசு. ஒரு மேசையில நீட்டினான். அந்த ஆள் ஸ்லாபை வாங்கி, லேபிளை போன்ல ஸ்கேன் பண்ணார். அப்ப அவரோட கட்டைவிரல் சரியா கார்டுல இருக்கற வெம்பன்யாமா முகத்து மேல இருந்தது. கடைசி வரைக்கும் எடுக்கலை. "9-ஆ? கிரேடு பண்ணாத கார்டு என்ன விலையோ அதுல கொஞ்சம் குறைச்சுத் தரேன்"னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டார். மொத்தமே பத்து செகண்ட் இருக்காது.

அதே மேசைக் கண்ணாடிக்குக் கீழ அதே கார்டு, 10. நாங்க கேட்டதைப் போல மூணு மடங்கு விலை. ரெண்டையும் பக்கத்துல வெச்சு நானும் பையனும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தோம். ஒரு வித்தியாசமும் தெரியலை.

கார்ல வரும்போது பையன் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அவர் படத்தைப் பார்க்கவே இல்லியேப்பா?"

மூலைமடிப்பு

உங்க 9 இன்னும் 9-ஆவே இருக்கே, சந்தோஷப்படுங்க.

என்னோடது அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஹெர்பர்ட்டோட கார்டு, 2020 ப்ரிஸம். அதுவும் 9. அது 10-தான், பார்த்தவன் கண்ணுல தூசுன்னு எனக்கு அவ்வளவு உறுதி. ஸ்லாபை உடைச்சு எடுத்து மறுபடி அனுப்பினா 10 வரும்னு நானே முடிவு பண்ணிட்டேன். யூடியூப்ல ஒருத்தர் கட்டிங் ப்ளேயரால மூலையைக் கிள்ளி அழகாப் பிரிக்கறார், வாழைப்பழம் உரிக்கற மாதிரி. நான் ராத்திரி பதினொரு மணிக்கு கராஜ்ல உக்காந்து கிள்ளினேன். டக்-னு ஒரு சத்தம். பிளாஸ்டிக்தான்னு நினைச்சேன். விளக்குக்குக் கீழ பிடிச்சா கீழ் இடது மூலையில வெள்ளையா ஒரு புள்ளி, சோத்துப் பருக்கையில பாதி கூட இருக்காது.

அப்பவும் அனுப்பினேன். 7 வந்தது. அந்த டக் சத்தம் இப்பவும் கேக்குது.

எக்ஸெல் மாமா

எனக்கும் ஒரு கதை இருக்கு, கடைசியில சொல்றேன். முதல்ல நீங்க ரெண்டு பேரும் பண்ண தப்பைச் சொல்லிடறேன், கோவிச்சுக்கக் கூடாது.

அனுப்பறதுக்கு முன்னாடி மூணு விலை எழுதணும். ரா (கிரேடு பண்ணாத கார்டு) என்ன போகுது, 9 என்ன போகுது, 10 என்ன போகுது. ஈபேல 'சோல்டு' வடிகட்டிப் பார்க்கணும். கேக்கற விலையை எவன் வேணா எவ்வளவு வேணா போடலாம், அதைப் பார்க்காதீங்க. உதாரணத்துக்கு ரா 40 டாலர், 9 என்றால் 45, 10 என்றால் 110-ன்னு வெச்சுக்குவோம். கிரேடிங் ஃபீஸ், போக வர தபால் சேர்த்து 30. ஈபே கமிஷன் 13 சதவீதம். உங்க கார்டு 10 வாங்க பாதி வாய்ப்பு, 9 வாங்க பாதி வாய்ப்பு. இப்ப கணக்குப் போடுங்க. சராசரியா 77 டாலர் 50 சென்ட், கமிஷன் போக 67 சொச்சம், செலவு போக 37 சொச்சம். ராவாவே வித்திருந்தா கமிஷன் போக 35 கிட்ட. இரண்டரை டாலருக்காக மாசக்கணக்குல காத்திருக்கீங்க! இதுல 9 வந்தவன் நேரா நஷ்டம். இப்ப வர்ற கார்டுல 9-ங்கறது கிட்டத்தட்ட ராவோட தம்பி. பழைய கார்டு வேற. 1950-கள்ல சைக்கிள் சக்கரத்துல சொருகி விளையாடினது போக மிச்சம் இருக்கறதே அபூர்வம், அங்க 5, 6-க்கே மரியாதை உண்டு. இப்ப எல்லாரும் பிறந்த குழந்தை மாதிரி ஸ்லீவ்ல போடறான். அதனால 10-தான் சாதாரணம், மத்ததெல்லாம் குறை.

ரெண்டாவது, பாப் ரிப்போர்ட். அந்தக் கார்டுல இதுவரைக்கும் எத்தனை 10 கொடுத்திருக்கான்னு கம்பெனி தளத்துலயே இருக்கும். 10 எத்தனை சதவீதம்னு பார்த்தா உங்க வாய்ப்பு என்னன்னு தெரியும்.

மூணாவது, கார்டை நீங்களே பாருங்க. பிஎஸ்ஏன்னு ஒரு கிரேடிங் கம்பெனி, அங்க 10-க்கு முன்பக்க சென்டரிங் (படம் நடுவுல இருக்கா, எதிரெதிர் ஓரம் எவ்வளவு சமம்னு) 55/45-க்குள்ள இருக்கணும், பின்பக்கம் 75/25 வரைக்கும் விடுவான். ப்ரிஸம், க்ரோம் மாதிரி பளபளா கார்டை விளக்குக்குக் கீழ சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க, பிரிண்ட் லைன் (அச்சடிக்கும்போது விழற மெல்லிசுக் கோடு) அப்பதான் தெரியும். ஃப்ரிஸ்கோ தம்பி, உங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரியலைன்னா அது கண்ணாடிக்கு மேல இருந்து நேராப் பார்த்ததால.

நாலாவது, எந்தக் கம்பெனி. பெக்கெட்னு இன்னொரு கம்பெனி, அங்க 9.5-க்கும் பிஎஸ்ஏ 10 மாதிரியே ஜெம் மின்ட்னுதான் பேரு, ஆனா விக்கும்போது பெரும்பாலும் பிஎஸ்ஏ 10 விலை வராது. சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்புன்னு நாலு உப மார்க்கும் 10 வந்து பிளாக் லேபிள் கிடைச்சா கதையே வேற, ஆனா அது லாட்டரி.

என் கதை: 14 கார்டு அனுப்பினேன். மூணு 10. கட்டின ஃபீஸ் கூடத் திரும்ப வரலை.

காலதாமதம்

மாமா, மூலைமடிப்பு தம்பியோட 7-க்கு ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். போகட்டும். உங்க எக்ஸெல்ல நாள்னு ஒரு கட்டமே இல்லையே? என் பணம் போனது அங்கதான்.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கா. மைக்கேல் ஜோர்டனோட 1986 ஃப்ளியர் கார்டு, பிஎஸ்ஏ 10, கோல்டின் ஏலத்துல 7,38,000 டாலருக்குப் போச்சு. ஆபீஸ்ல கார்டுன்னா கிரெடிட் கார்டு மட்டும் தெரிஞ்சவன் எல்லாம் ப்ரிஸம் பத்திப் பேசறான். (அதே ஜோர்டன் வருஷம் முடியறதுக்குள்ள பாதி விலைக்கும் கீழ போச்சு. அதை யாரும் ஆபீஸ்ல பேசலை.)

என்கிட்ட பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் சியோன் வில்லியம்சனோட கார்டு, 2019-20 ப்ரிஸம், அஞ்சு. நேரா அனுப்பத் தெரியாம, மொத்தமா சேர்த்து அனுப்பற ஒருத்தர்கிட்ட பிப்ரவரியில கொடுத்தேன். அவர் பெட்டி நிரம்பட்டும்னு காத்திருந்தார். ஏப்ரல் பிறக்கும்போது பிஎஸ்ஏ குறைஞ்ச கட்டண சேவைகளையே நிறுத்திட்டாங்க, குவிஞ்சு கிடக்கறதை முடிச்சிட்டு வரோம்னு. என் அஞ்சு சியோனும் அவர் வீட்டு அலமாரியில. கேட்டா "வரிசையில இருக்கு சார்". எந்த வரிசைன்னு கேக்கற தைரியம் எனக்கு வரலை.

கடைசியா கைக்கு வந்தது 2022 இறுதி. நாலு 10, ஒரு 9. எக்ஸெல் படி பார்த்தா நான் ஜெயிச்சவன். ஆனா இடையில 2021-22 சீசன்ல சியோன் கால் எலும்பு முறிவால ஒரு மேட்ச் கூட ஆடலை. பாப் ரிப்போர்ட் திறந்தா அந்தக் கார்டோட 10-கள் ஐந்து இலக்க எண்ணிக்கை. கவர் பிரிக்கும்போது டிவியில ஏதோ மேட்ச் ஓடிக்கிட்டிருந்தது. நாலு 10-ஐயும் சோபா மேல வரிசையா வெச்சேன். என் பொண்ணு வந்து, தள்ளி வெச்சிட்டு உக்காந்துட்டா. அவளைத் திட்டக்கூடத் தோணலை.

ஸ்காபரோ ரவுண்டப்

காலதாமதம் அண்ணை சொன்னது முழுக்கச் சரி. இஞ்ச கனடாவில எங்களுக்கு ஹொக்கி கார்டுதான்.

2023-24 அப்பர் டெக் சீரிஸ் 2. மச்சானும் நானும் பங்குக்கு ஒரு கேஸ் (பல பெட்டி சேர்ந்த கட்டு) எடுத்தனாங்கள். உடைச்சு முடிய பெடார்ட்டின்ர யங் கன்ஸ் எண்ட ரூக்கி கார்டு ரெண்டு, ஆளுக்கொண்டு. நான் அண்டைக்கு இரவே படம் எடுத்துப் போட்டு அடுத்த நாளே வித்துப்போட்டன். கிரேடும் இல்லை ஒண்டும் இல்லை. மச்சான் எனக்குப் பேச்சு: "விசரா, பத்து வந்தா மூண்டு மடங்கடா." அவன் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பினான்.

பத்து வந்தது! விடியக்காலம் மூண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில ஸ்லாபின்ர படம், அதுக்குக் கீழ எட்டுச் சிரிப்பு. ஒரு அஞ்சு நிமிசத்தால இன்னொரு மெசேஜ்: "இப்ப என்ன விலை போகுது?" பாத்தா ஊரில இருக்கிற எல்லாற்ற பத்தும் அந்த மாதந்தான் திரும்பி வந்திருக்கு. நான் லிங்க் அனுப்பினன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அவன் கடைசியில வித்த காசில கிரேடிங், தபால், கொமிஷன் எல்லாம் கழிச்சா நான் ராவா வித்த காசுதான், இருபது டொலர் குறைய. இப்பவும் நாங்கள் கொத்து சாப்பிடப் போனா நான்தான் காசு குடுக்கவேணும் எண்டு நிக்கிறான். ஏன் எண்டு அவனும் சொல்றேல்ல, நானும் கேக்கிறேல்ல.

பழைய டப்பா

எல்லாரும் சேர்ந்து கிரேடிங்கைக் கரிச்சுக் கொட்டறீங்க. ஃப்ரிஸ்கோ நண்பரே, அந்த ஆள் கட்டைவிரலை எடுக்காததுல என்ன தப்பு? பார்க்கத் தேவையில்லைன்னுதானே ஸ்லாபே. ஒரே நாள்ல முந்நூறு கார்டு கைமாறுது, ஒவ்வொண்ணையும் லென்ஸ் வெச்சா பார்க்க முடியும்?

நான் பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் ட்ரௌட்டோட கார்டு, 2011 டாப்ஸ் அப்டேட் செட், ராவா வாங்கினேன். விற்றவர் "பாக்கெட்டிலிருந்து நேரே" என்றார். படத்தில் நாலு மூலையும் ஊசி மாதிரி. அதுதான் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். கிரேடிங்கில் மார்க்கே போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்று. நான் நம்பவில்லை. அதே செட்டில் பத்து காசு பெறாத ஒரு கார்டை எடுத்து ரெண்டையும் மேசையில் தட்டி நிமிர்த்தி வைத்தேன். ட்ரௌட் தலை ஒரு மயிரிழை கீழே இருந்தது. விரல் நகத்தால் தடவினால் படி மாதிரி இடறியது. அந்த இடறல்தான் இன்னமும் விரல்ல இருக்கு.

அதைக் கண்டுபிடிச்ச 20 டாலர் கிரேடிங் ஃபீஸுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. பணத்தைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. எக்ஸெல் மாமா கணக்குல இது எந்தக் கட்டத்துல வரும்?

ஆனா ஒண்ணு, ஸ்லாபையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. போலி ஸ்லாபும் சுத்துது. லேபிள்ல இருக்கற எண்ணைக் கம்பெனி தளத்துல போட்டு, அங்க இருக்கற படமும் கையில இருக்கறதும் ஒண்ணுதானான்னு பாருங்க. எண் உண்மையா இருக்கும், வேற ஒருத்தரோட கார்டிலிருந்து திருடினதா இருக்கும்.

எக்ஸெல் மாமா

வாங்கறவனுக்கு அது காப்பீடு. விக்கறவன் கட்டற ப்ரீமியம். நான் விக்கறவன் கணக்கைப் போட்டேன். தனியா ஒரு ஷீட் இருக்கு, வேணும்னா அனுப்பறேன்.

பழைய டப்பா

வேண்டாம் மாமா.

ஃப்ரிஸ்கோ அப்பா

பழைய டப்பா சார், நீங்க சொல்றது நியாயம்தான். எனக்கு அந்த ஆள் மேல கோபம் இல்லை. விலை குறைச்சுக் கேட்டதும் தப்பில்லை. பையன் ரெண்டு கையாலயும் ஏந்திக் கொடுத்தான், அவர் ஒரு கையால வாங்கி முகத்து மேல விரலை வெச்சார், அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு விளக்கத் தெரியலை.

மாமா சொன்ன மாதிரி விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பார்த்தேன். வலது தோள்பட்டை பக்கத்துல மெல்லிசா ஒரு கோடு இருக்கு. மூணு மாசம் எங்க வீட்ல இருந்த கார்டு, எங்க ரெண்டு பேர் கண்ணுலயும் படலை. பையன்கிட்ட காட்டலாமா வேண்டாமான்னு இருக்கேன்.

மூலைமடிப்பு

காட்டாதீங்க. ப்ளேயரையும் ஒளிச்சு வைங்க. ஆமா, அது எந்த மேசை? அடுத்த ஷோவுக்கு நானும் வரேன்.

ஃப்ரிஸ்கோ அப்பா

மேசை எண்ணெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த 10-ஐ அவர்கிட்ட விலை பேசிட்டு வந்திருக்கேன்.