காவேரிப்பாக்கம் ஏரியில் 400 வாத்து: எண்ணியது யார்?

பாலாற்றங்கரை:
நேற்று இங்கே 'ஆய்வுமேசை' என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. இ-பேர்டு தளத்தில் பொதுமக்கள் ஏற்றும் பறவைக் கணக்கு ஆய்வுக்கு உதவாதாம். காவேரிப்பாக்கம் ஏரியில் 400 ஊசிவால் வாத்து என்று யாரோ போட்டிருக்கிறாராம். அந்த 'யாரோ' நான்தான். வேலூரிலிருந்து இருட்டோடு வண்டியை எடுத்துப்போய்க் கரையில் நின்று எண்ணினேன்.

ஆய்வுமேசை:
ஒன்று, இரண்டு என்று 400 வரை எண்ணினீர்களா? வாத்தெல்லாம் ரேஷன் கடை வரிசையிலா நின்றது?

பாலாற்றங்கரை:
பத்து வாத்தை எண்ணி, அது தொலைநோக்கியில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவாலேயே கூட்டம் முழுவதையும் அளந்தேன். 40 முறை வந்தது. எண்ண முடியாதவர்கள் எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' என்று போடலாம்; பறவை இருந்தது, எத்தனை என்று சொல்லவில்லை என்று அர்த்தம். எண் வழக்கத்துக்கு மீறியிருந்தால் சரிபார்க்கும் தன்னார்வலர் கேட்பார். என்னையும் கேட்டார், படம் அனுப்பினேன்.

ஆய்வுமேசை:
அப்போ 400 மதிப்பீடு. எண்ணிக்கை இல்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

கோட்டைவாசல்:
வேலூர் வேலூர் என்று பீற்றிக்கொள்ள வேண்டாம். 2019லேயே ராணிப்பேட்டை தனி மாவட்டம். ஏரி எங்களுடையது.

பாலாற்றங்கரை:
வாலாஜா அணைக்கட்டிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் போகும்போது மாவட்டம் கேட்டா போகிறது? எல்லாம் பழைய வட ஆர்க்காடுதான்.

கோட்டைவாசல்:
போன பொங்கல் கணக்கெடுப்புக்குக் கூப்பிடாதபோது வட ஆர்க்காடு ஞாபகம் வரவில்லையே!

பாலாற்றங்கரை:
அண்ணே, அதை அப்புறம் பேசலாம். தம்பி ஆய்வுமேசை, பட்டியல் ஏற்றும்போது 'அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா' என்று அந்தத் தளம் கேட்கிறதே, எதற்கு? ஆமாம் என்றால், எழுதாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று தெரியும். ஒரு பறவை நூறு பட்டியலில் எத்தனையில் வருகிறது, அது வருடா வருடம் கூடுகிறதா குறைகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 2023 இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையில் 942 இனங்களை அலசினார்கள். 30,000க்கும் மேற்பட்டோர் கொடுத்த சுமார் 3 கோடிப் பதிவுகள்! சம்பளத்துக்கு ஆள் வைத்து இதைச் செய்ய முடியுமா? பக்கத்து ஊர் டீச்சர் பள்ளிக்குப் போகும் முன் கால்மணி நேரம் நின்று எழுதியதும் அதில் இருக்கிறது.

ஆய்வுமேசை:
3 கோடி இருக்கட்டும். 400க்கு ஆதாரம்? படத்தில் எத்தனை வாத்து தெரிகிறது?

பாலாற்றங்கரை:
180. மீதி நாணலுக்குப் பின்னால்.

ஆய்வுமேசை:
பார்த்தீர்களா! 180.

கோட்டைவாசல்:
அது நாணல் இல்லை, சம்பு. எங்கள் ஏரி எங்களுக்குத் தெரியாதா?

பாலாற்றங்கரை:
கரையிலிருந்து நான் பார்த்தது 400. மாற்ற மாட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரைக்கு வாருங்கள் தம்பி, தொலைநோக்கி நான் தருகிறேன்.

ஆய்வுமேசை:
ஞாயிறு எனக்கு வேறு வேலை. 'எக்ஸ்' என்று மாற்றிவிட்டுச் சொல்லுங்கள்.